ஆம்பளைங்க சின்னக் குழு, வீடு, ஜெபம்: அடிக்கடி கேக்குற கேள்விகளும் பதில்களும்

மதுரையில அரசரடி, பசுமலை, திருநகர் பக்கம் நாங்க சில பேர் ஆண்களுக்கான சின்னக் குழு நடத்திட்டு வர்றோம். ஆராதனை முடிஞ்சு கோயில் வாசல்ல நிக்கும்போது, கல்யாணப் பந்தியில பக்கத்து இலையில உக்காந்துக்கிட்டு, ராத்திரி பத்து மணிக்கு போன்லன்னு நெறைய பேர் கேட்ட கேள்விகளைத்தான் இங்க சேத்து வச்சிருக்கோம். சிலதுக்கு நீட்டி முழக்கியிருக்கேன், சிலதுக்கு ஒரு வரிதான், பொறுத்துக்கங்க.

இது என்ன குழு, சிம்பிளா சொல்லுங்கண்ணே?

அஞ்சாறு ஆம்பளைங்க வாரத்துக்கு ஒரு தடவை ஒரு வீட்டு மொட்டை மாடியிலயோ ஹால்லயோ உக்காந்து, பைபிள்ல கொஞ்சம் வாசிச்சு, அந்த வாரம் வீட்ல நாம எப்படி நடந்துக்கிட்டோம்னு ஒளிக்காம சொல்லி, ஒருத்தருக்காக ஒருத்தர் ஜெபிச்சிட்டு கலையுறது. பிரசங்கம் கிடையாது, மைக் கிடையாது, காணிக்கை கிடையாது, போஸ்டர் கிடையாது. மதுரையில போஸ்டர் இல்லாம ஒரு காரியம் நடக்குமான்னு கேக்காதீங்க, நடக்குது.

சபையிலதான் ஆண்கள் ஐக்கிய சங்கம் இருக்கே, அப்பறம் இது எதுக்கு?

சங்கம் நல்ல விஷயம், நாங்களும் அதுல இருக்கோம். ஆனா அங்க என்ன பேசுறோம்னு யோசிச்சுப் பாருங்க. சபையே ஒண்ணா உக்காந்து சாப்பிடுற அசன விழாவுக்கு அரிசி எத்தனை மூட்டை, பந்தல் யாரு, அறுப்புப் பண்டிகை ஏலத்துல போன வருஷம் பாக்கி வச்சது யாரு, அடுத்த கமிட்டி எலெக்‌ஷன்ல யார் யாரு நிக்கிறாய்ங்க, இதுலயே ரெண்டு மணி நேரம் போயிரும். சபையில ஆம்பளைங்களுக்கு வேலை இருக்கு, பொறுப்பு இருக்கு, சண்டை போட இடமும் இருக்கு, ஆனா "எனக்கும் என் மகனுக்கும் பேச்சுவார்த்தையே இல்லண்ணே"ன்னு சொல்றதுக்கு இடம் இல்ல.

பெண்கள் ஐக்கிய சங்கத்துல பாருங்க, அவங்க அழுது சொல்லி ஜெபிச்சு மனச கரைச்சிட்டுத்தான் வீட்டுக்கு வர்றாங்க. நம்மகிட்ட ஜெபக்குறிப்பு கேட்டா வர்ற பதில் "பிரயாணம் பத்திரமா இருக்கணும், சுகர் குறையணும், மகளுக்கு நல்ல வரன் அமையணும்". எல்லாம் நியாயமான குறிப்புதான், ஆனா அதுல எதுலயுமே அந்த ஆளு இல்ல, கவனிச்சீங்களா?

இதெல்லாம் அமெரிக்காக்காரன் கண்டுபிடிச்ச ஐடியாதானே?

அப்படித்தான் நெறைய பேர் நினைக்கிறாங்க, ஆனா இது ரொம்பப் பழசு. 1670-ல ஜெர்மனியில பிராங்க்ஃபர்ட் ஊர்ல ஸ்பேனர்னு ஒரு போதகர் தன் வீட்லயே சின்னக் கூட்டம் கூட்ட ஆரம்பிச்சாரு, பிரசங்கம் கேட்டா மட்டும் போதாது, உக்காந்து பேசணும், வாழ்க்கையில அது தெரியணும்னு. அந்த எழுப்புதல்தான் ஹாலே நகரம் வரைக்கும் பரவி, அங்கருந்துதான் சீகன்பால்குங்கிற மிஷனரி 1706-ல தரங்கம்பாடியில வந்து இறங்கினாரு. அதாவது தமிழ்நாட்டு சீர்திருத்த சபையோட வேரைத் தோண்டிப் பாத்தா அதுக்கு அடியில ஒரு வீட்டுக் கூட்டம்தான் கிடக்கு.

இன்னொண்ணு, இது எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை. 1742-ல இங்கிலாந்துல பிரிஸ்டல் ஊர்ல மெதடிஸ்ட் இயக்கத்த ஆரம்பிச்ச ஜான் வெஸ்லியோட ஆளுங்க ஜெப வீடு கட்டின கடன அடைக்கணும். ஒரு ஆளுக்கு வாரம் ஒரு பென்னின்னு முடிவு பண்ணி, பன்னெண்டு பன்னெண்டு பேராப் பிரிச்சு, ஒவ்வொரு செட்டுக்கும் ஒருத்தர் வீடு வீடா போயி காசு வாங்கணும்னு ஏற்பாடு. போனவங்க காசோட மட்டும் திரும்பி வரல, சேதியோடவும் வந்தாங்க. ஒருத்தரப் பாக்கப் போனா அவரு பொண்டாட்டியோட சண்டை போட்டுக்கிட்டு இருக்காரு, இன்னொருத்தர் குடிச்சிட்டு கிடக்காரு. கோயில்ல பாக்கும்போது எல்லாரும் பரிசுத்தவான்க, வீட்டுக் கதவத் தட்டினாத்தான் நிலவரம் தெரியுது. வெஸ்லி அப்பத்தான் சுதாரிச்சு, நாம ரொம்ப நாளா தேடினது இதுதான்னு அந்த வசூல் செட்டையே ஆத்தும விசாரணைக்கான குழுவா மாத்திட்டாரு. கடன் அடைக்கப் போட்ட திட்டம், வீட்டு லட்சணத்த காட்டிக் குடுத்துருச்சு. எங்க குழு மொத்தமும் இந்த ஒரு சம்பவத்து மேலதான் நிக்குதுன்னு வச்சுக்கங்க.

எத்தனை பேர், எப்ப, எவ்வளவு நேரம்?

நாலு பேருக்குக் கொறைய வேணாம், ஏழு பேருக்கு மேல வேணாம். எட்டாவது ஆள் வந்தா யாராவது ஒருத்தர் பேசாம இருக்கப் பழகிருவாரு. வாரம் ஒண்ணேகால் மணி நேரம். டீ உண்டு, டிபன் கிடையாது, டிபன்னு வந்துட்டா அந்த வீட்டு அம்மாவுக்கு சாயங்காலம் முழுக்க அடுப்படிதான், அவங்க புருஷன் ஆவிக்குரிய புதுப்பித்தல் அடையுறதுக்கு அவங்க ஏன் பூரி சுடணும்?

உக்காந்து என்னதான் கேப்பீங்க?

மூணு கேள்விதான் சுத்தி சுத்தி வரும். இந்த வாரம் உங்க மனைவிகிட்ட எந்த விஷயத்துல கடுமையா நடந்துக்கிட்டீங்க? பிள்ளைங்க ஒவ்வொருத்தரோட தனியா எப்ப பேசுனீங்க, என்ன பேசுனீங்க? ஆண்டவர்கிட்ட உண்மையா என்ன கேட்டீங்க? பதில் சொல்றப்ப குறுக்க பேசக்கூடாது, புத்தி சொல்லக்கூடாது, அவர் கேட்டாத்தான் சொல்லணும். இந்த விதிதான் நம்ம ஆளுங்களுக்கு ரொம்பக் கஷ்டம். ஒருத்தர் வாயத் தொறந்தவுடனே நாலு பேர் "தம்பி நான் சொல்றதக் கேளு"ன்னு ஆரம்பிச்சிருவாங்க, மதுரைக்காரனுக்கு யோசனை சொல்லலைன்னா தூக்கம் வராது.

பைபிள் படிக்கிறதுக்கு வந்தா குடும்பக் கதையே பேசுறீங்களே?

பைபிள்ல குடும்பக் கதைய எடுத்துட்டா என்ன மிஞ்சும்னு சொல்லுங்க பாப்போம். ஏலி பெரிய ஆசாரியர், ஆலயத்துலயே குடியிருந்தாரு, மகன்க ரெண்டு பேரும் பலிக்கு வந்த கறியத் திருடினாய்ங்க, அவரு வாயால சொன்னாரே தவிர தடுக்கல. தாவீது ராஜா எவ்வளவு சங்கீதம் பாடினாரு, ஆனா அதோனியாங்கிற மகன "ஏண்டா இப்படிப் பண்றே"ன்னு ஒரு நாள்கூட கேட்டதில்லன்னு 1 இராஜாக்கள் முதல் அதிகாரத்துல ஒரு வரி வருது, படிச்சிருப்பீங்க, நின்னு யோசிச்சிருக்க மாட்டீங்க.

அப்பறம் 1 பேதுரு 3:7. புருஷன்மார் மனைவிய மரியாதையா நடத்தணும், இல்லன்னா ஜெபத்துக்குத் தடை வரும்னு அங்க சொல்லியிருக்கு. நாங்க உபவாசம் இருக்கோம், முழு இரவு ஜெபம் வைக்கிறோம், ஜெபம் ஏன் கேக்கப்படலன்னு ஆராயுறோம், பேதுரு சமையல்கட்டப் போயி பாருங்கறாரு. எழுப்புதல் கன்வென்ஷன் பந்தல்ல ஆரம்பிக்கும்னு எதிர்பாக்குறத விட, நம்ம வீட்டு வாசப்படிக்கு உள்ள ஆரம்பிக்கணும்னு எதிர்பாக்குறது வசனத்துக்குப் பக்கமா இருக்குன்னு நான் நினைக்கிறேன்.

அப்ப புருஷன்தான் குடும்பத் தலைவன்னு வசனம் சொல்லலையா?

சொல்லுது, எபேசியர் 5-ல. ஆனா அந்தப் பகுதி 22-ஆம் வசனத்துல தொடங்கல, 21-ல ஒருத்தருக்கொருத்தர் கீழ்ப்படிங்கன்னு தொடங்குது. 25-ல கிறிஸ்து சபைக்காகத் தன்னையே குடுத்த மாதிரி மனைவிய அன்பு பண்ணுன்னு வருது. நம்ம கல்யாண ஆராதனையில மணப்பெண்ணுக்கு 22-ஆம் வசனம் பத்து நிமிஷம், மாப்பிள்ளைக்கு 25-ஆம் வசனம் ரெண்டு நிமிஷம்னு பங்கு போட்டுக் குடுக்குறது வழக்கமாயிருச்சு. எங்க குழுவுல தலைவன்ங்கிற வார்த்தைய யாராவது எடுத்தா அடுத்த கேள்வி ரெடியா இருக்கும்: இந்த வாரம் வீட்ல என்ன விட்டுக் குடுத்தீங்க?

குடும்ப ஜெபத்துக்கு பிள்ளைங்க உக்காரவே மாட்டேங்குது. என்ன பண்றது?

இந்தக் கேள்விதான் அதிகமா வருது, அதனால கொஞ்சம் விரிவா.

நம்ம வீடுகள்ல பழைய முறை எல்லாருக்கும் தெரியும், ராத்திரி எட்டு மணிக்குப் பாய விரிச்சு, ஒரு கீர்த்தனை, ஆளுக்கொரு வசனமா சங்கீதம், அப்பறம் அப்பாவோட ஜெபம். அந்த ஜெபம் மிஷனரி ஊழியங்க, ஆளும் அரசாங்கம், சொந்தக்காரங்க எல்லார் பேரும் சுத்திட்டு வர்றதுக்குள்ள சின்னது தூங்கி சாஞ்சிரும். அது அந்தக் காலம், அதுலயும் ஒரு அழகு இருந்துச்சு, ஆனா இப்ப டியூஷன் முடிஞ்சு ஒன்பது மணிக்கு வர்ற பிள்ளைகிட்ட முக்கால் மணி நேரம் உக்காருன்னா அது ஜெபத்த இல்ல, ஜெபிக்கிற அப்பாவ வெறுக்க ஆரம்பிக்கும். பத்து நிமிஷம் போதும். பாட்டப் பிள்ளை எடுக்கட்டும், அது யூடியூப்ல கேட்ட புதுப் பாட்டா இருந்தாலும் சரி. வாசிக்கிற பகுதி சின்னதா இருக்கட்டும். எல்லார் போனும் டிவி மேல, உங்க போன் மொதல்ல.

அடுத்தது ரொம்ப முக்கியம். ஜெபத்துக்குள்ள திட்டாதீங்க. "ஆண்டவரே, இந்தப் பையனுக்கு நல்ல புத்தியக் குடுங்கப்பா, கணக்குல எடுத்த மார்க்க நீர் அறிவீர், தாயோட பேச்ச மதிக்கிற இருதயத்தக் குடுங்க"ன்னு கண்ண மூடிக்கிட்டு நம்ம போடுற போடு இருக்கே, பிள்ளையால திருப்பிப் பேச முடியாது, கண்ணத் தொறக்கவும் முடியாது, சாமி பேரச் சொல்லி அடிக்கிற அடி அது. எபேசியர் 6:4-ல பிள்ளைங்களக் கோபப்படுத்தாதீங்கன்னு தகப்பன்மாருக்குத்தான் சொல்லியிருக்கு, அம்மாமாருக்குச் சொல்லல, பவுலுக்கு நம்மளத் தெரிஞ்சிருக்கு.

ஒரு விஷயம் செஞ்சு பாருங்க. அன்னைக்கு நீங்க கத்தியிருந்தா, ஜெபத்துக்கு முன்னால அந்தப் பிள்ளைகிட்டயே நேரா "காலையில அப்பா கத்துனது தப்புய்யா"ன்னு சொல்லுங்க. எங்க குழுவுல ஒரு அண்ணன், அவரு சம்மதத்தோடதான் எழுதுறேன், மில்லுல வேலை பாத்து ரிட்டயர் ஆனவரு, கல்யாணமான மகன்கிட்ட போயி இதச் சொன்னாரு. மகன் ஒண்ணும் பேசல, எந்திரிச்சு வெளிய போயிட்டான். அவருக்கு ஒரே வருத்தம். ஆனா அடுத்த மாசம் பேரப்பிள்ளையோட ஸ்கூல் அட்மிஷன் விஷயமா முதல் தடவையா அவரக் கேட்டு முடிவு பண்ணியிருக்கான். அற்புதம்னெல்லாம் நான் சொல்லல, பேச ஆரம்பிச்சிருக்காங்க, அவ்வளவுதான்.

பொண்டாட்டி கேக்குறா, இருக்குற மீட்டிங் பத்தாதா, இதுக்கும் ஒரு சாயங்காலமான்னு.

அவங்க கேக்குறதுல நூத்துக்கு நூறு நியாயம் இருக்கு. ஞாயிறு ஆராதனை, புதன் ஜெபம், கொயர் பிராக்டிஸ், கமிட்டின்னு ஏற்கெனவே போறவரா இருந்தா, அதுல ஒண்ண விட்டுட்டு இதுக்கு வாங்க. கூடுதலா வராதீங்க. குடும்பத்துக்காகன்னு சொல்லி குடும்பத்த விட்டுட்டு வர்றது எங்களுக்கு வேணாம். குழு உருப்படியா நடக்குதான்னு ஆறு மாசம் கழிச்சு நாங்க வீட்டம்மாமாரத்தான் கேப்போம், குழுவுக்கு வர்ற ஆம்பளைங்களக் கேட்டா எல்லாரும் சூப்பர்னுதான் சொல்லுவாங்க.

நான் சொன்னது வெளிய போயிருமோன்னு பயமா இருக்கு. நம்ம ஊரு அப்படி.

பயம் சரிதான், மேலமாசி வீதியில சொன்னா கீழமாசி வீதிக்கு நமக்கு முன்னால போயி நிக்கும். அதனால விதி கறாரா இருக்கும். இங்க கேட்டத மனைவிகிட்டகூட சொல்லக்கூடாது, பாஸ்டர்கிட்ட சொல்லக்கூடாது, முக்கியமா "பேரச் சொல்லல, ஒரு சகோதரருக்காக ஜெபிங்க"ன்னு வாட்ஸ்அப்ல போடக்கூடாது, அது புறணிக்கு ஜெப வேஷம்.

ஆனா ரெண்டு விஷயத்துல ரகசியம் செல்லாது, முதல் நாளே இதச் சொல்லிருவோம். ஒண்ணு, வீட்ல அடி உதை. அடிக்கிறவருக்காக ஜெபிச்சிட்டு அந்தம்மாவ மறுபடி அதே வீட்ல விட்டுட்டு வர்ற வேலையே கிடையாது. 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கு, 181-ங்கிற பெண்கள் உதவி எண் இருக்கு, முதல்ல அந்தம்மா பத்திரமா இருக்கணும், பொறுத்துப் போம்மான்னு சொல்றதுக்கு நாங்க யாரு? ரெண்டு, குழந்தைங்க மேல பாலியல் கொடுமை. 2012 போக்சோ சட்டப்படி தெரிஞ்சவங்க போலீஸ்ல சொல்லியே ஆகணும், மறைச்சா அதுவும் குற்றம். 1098 குழந்தைகளுக்கான எண். சபைப் பேரு கெட்டுரும்னு மூடி மறைக்கிறவரோட நாங்க உக்கார மாட்டோம்.

குடிப்பழக்கம் இருக்கு. வரலாமா?

வாங்க. குடிச்சிட்டு மட்டும் வராதீங்க. ஜெபத்தோட வைத்தியமும் வேணும், ரொம்ப நாள் குடிச்சவரு திடீர்னு நிறுத்தினா வலிப்புகூட வரலாம், அதனால டாக்டரப் பாத்துட்டுத்தான் நிறுத்தணும், நம்ம கையால வீரம் காட்டக்கூடாது. குடிய விட நினைக்கிறவங்க ஒருத்தரையொருத்தர் தாங்குற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்கும் போங்கன்னு நாங்களே அனுப்புவோம். 1935-ல அமெரிக்காவுல அது ஆரம்பிச்சப்ப ஆக்ஸ்ஃபர்ட் குரூப்ங்கிற கிறிஸ்தவச் சின்னக் குழுவுலருந்துதான் கிளைச்சது, அதனால நமக்கு அது சொந்தக்கார வீடு மாதிரிதான். மனசு ரொம்ப ஒடஞ்சு போயிருந்தா 14416-க்குப் போன் பண்ணுங்க, அரசாங்கத்தோட இலவச மனநல உதவி, தமிழ்லயே பேசலாம். மனநல டாக்டர்கிட்ட போறது அவிசுவாசம்னு சொல்றவங்க, சுகருக்கு மாத்திரை போடுறத ஏன் அப்படிச் சொல்றதில்ல?

நான் ஆர்.சி. எனக்கு இடம் உண்டா? பெந்தெகொஸ்தேக்காரங்க?

உண்டு. எங்க செட்ல சி.எஸ்.ஐ., ஆர்.சி., பெந்தெகொஸ்தே மூணும் கலந்துதான் இருக்கு. கத்தோலிக்கப் பங்குகள்ல அன்பியம் ஏற்கெனவே இருக்கு, அக்கம்பக்கத்துக் குடும்பங்க சேந்து ஜெபிக்கிறது, உண்மையில நம்மள விட அவங்களுக்கு வீட்டுக் கூட்டம் நல்லாப் பழக்கம், ஆனா அங்கயும் வர்றது பெரும்பாலும் அம்மாமார்தான்னு அவங்களே சொல்றாங்க. மாதாவப் பத்தியும் ஆவியில பேசுற அந்நிய பாஷையப் பத்தியும் விவாதம் வேணாம்னு மட்டும் ஒப்பந்தம். ஞானஸ்நானம் முழுக்கா தெளிப்பான்னு ஆரம்பிச்சீங்கன்னா டீய எடுத்து உள்ள வச்சிருவோம்.

சாதி விஷயம் எப்படி? வெளிப்படையா சொல்லுங்க.

கேட்டதுக்கு சந்தோஷம், நெறைய பேர் கேக்க மாட்டாங்க. தெருவாரியா குழு போட்டா ஒரே சாதிக் குழுவாத்தான் வரும், சொந்தக்காரங்களா சேந்தாலும் அதே கதை. அதனால நாங்க வேணும்னே கலந்து போடுறோம், வாரம் ஒரு வீடுன்னு எல்லார் வீட்டுக்கும் போறோம், எல்லார் வீட்டுத் தண்ணியும் குடிக்கிறோம். சின்ன விஷயம்னு நினைக்காதீங்க. 1834-ல இங்க வந்த அமெரிக்கன் மதுரா மிஷன், 1840-கள்ல தங்கிட்ட வேலை பாத்த ஊழியர்கள சாதியத் தள்ளினதுக்கு அடையாளமா ஒண்ணா உக்காந்து அன்பின் விருந்து சாப்பிடணும்னு கேட்டப்ப, பல பேர் மாட்டோம்னு வேலையையே விட்டுட்டாங்க. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு. இன்னைக்கும் மகன் கல்யாணப் பேச்சு வரும்போதுதான் நம்ம ரட்சிப்போட ஆழம் தெரியுது, எங்க குழுவுலயும் இதுல இன்னும் முட்டிக்கிட்டுத்தான் இருக்கோம், முடிஞ்சு போச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன்.

என் மனைவி இந்து. நான் மட்டும் வந்தா வீட்ல பிரச்சனை ஆகாதா?

மதுரையில மாமியா வீடு மீனாட்சியம்மன் கோயிலுக்கும் மருமகன் சர்ச்சுக்கும் போறது ஒண்ணும் புதுசு இல்ல. 1 கொரிந்தியர் 7-ல பவுல் இத நேராவே பேசுறாரு, சேந்து வாழ அவங்களுக்குச் சம்மதம்னா விட்டுப் பிரியாதேங்கறாரு. அவங்கள மாத்துறதுக்கு குழு கத்துக் குடுக்கும்னு எதிர்பாத்து வந்தீங்கன்னா ஏமாந்துருவீங்க, இங்க மாற வேண்டிய ஆள் நீங்கதான்.

கல்யாணம் ஆகாதவங்க, மனைவிய எழந்தவங்க?

தாராளமா. அப்பா அம்மாவோட, அண்ணன் தம்பியோட இருக்குறதும் குடும்பம்தானே. சொத்துப் பிரிக்கிறதுல அண்ணன்கூட பேசாம இருக்குற பேச்சிலர்க எங்ககிட்ட நல்லா மாட்டிக்கிட்டு முழிக்கிறாங்க.

நான் துபாய்ல வேலை பாக்குறேன்.

வீடியோ கால்ல சேருங்க, அங்க ஏழு மணின்னா இங்க எட்டரை, சமாளிக்கலாம். ஆனா வீட்டுக்குப் பண்ற காலையும் கொஞ்சம் பாருங்க. "பணம் வந்துச்சா, ஃபீஸ் கட்டியாச்சா, லோன் எவ்வளவு பாக்கி"ன்னு கேட்டுட்டு வச்சிர்றது கணக்குப்பிள்ளை பேசுற பேச்சு. பையன்கிட்ட இன்னைக்கு யார் கூட வெளாண்டேன்னு கேளுங்க.

சீட்டு, கைமாத்து, இடம் வாங்குறது இதெல்லாம்?

கூடவே கூடாது. காசு உள்ள வந்தா மூணு மாசத்துல குழு காலி. சபை எலெக்‌ஷனுக்கு ஆள் சேக்குறதும் இதே கணக்குல வரும்.

எங்க ஏரியாவுல எப்படி ஆரம்பிக்கிறது? பாஸ்டர் ஒத்துக்குவாரா?

மொதல்ல ஒரே ஒரு ஆளப் பிடிங்க, நீங்க தப்பா நடந்தா முகத்துக்கு நேரா சொல்லக்கூடிய ஆளா பாத்து. ரெண்டு பேரும் கொஞ்ச நாள் சேந்து ஜெபிங்க. அப்பறம் உங்க சபை ஐயரையோ பாஸ்டரையோ போயி பாத்து மறைக்காம சொல்லுங்க, தனி சபை ஆரம்பிக்கிறாய்ங்களோன்னு அவருக்கு வர்ற சந்தேகம் நியாயமான சந்தேகம், அப்படி ஆரம்பிச்சு பிரிஞ்சு போன கதை நெறைய இருக்கு. ஆராதனை நேரத்துல கூட்டம் வைக்க மாட்டோம், காணிக்கை எடுக்க மாட்டோம், நீங்க எப்ப வேணா வந்து உக்காரலாம்னு சொல்லிருங்க. பெரும்பாலும் ஒத்துக்குவாங்க. சில போதகர்மார் "எனக்கே இப்படி ஒரு குழு இருந்தா நல்லாருக்கும்ப்பா"ன்னு சொல்லியிருக்காங்க, அவங்கள அவங்க சபை ஆட்களோட சேக்காம வேற ஊருப் போதகர்மார் நாலஞ்சு பேரோட சேத்து விடுங்க.

ஆரம்பிக்க நல்ல நேரம் லெந்து நாட்கள், அதாவது தவக்காலம். சாம்பல் புதன்லருந்து ஈஸ்டர் வரைக்கும் ஆறேழு வாரம்னு ஒரு முடிவு தெரிஞ்சா ஆளுங்க பயப்படாம வருவாங்க, ஈஸ்டர் முடிஞ்சு தொடரணுமா வேணாமான்னு கேட்டுக்கலாம். சித்திரைத் திருவிழா வாரத்துல மட்டும் முதல் கூட்டத்த வச்சிராதீங்க, அழகர் ஆத்துல எறங்குற சமயம் கோரிப்பாளையத்தத் தாண்டி ஒருத்தரும் வந்து சேர மாட்டாங்க.